பதினான்கு பரங்கிக்காய்

சலவைக்கூடத்தில் அவளுக்கு நீராவி என்று பெயர். விடுதிகளிலிருந்து மலைமலையாக வந்து குவியும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே செலுத்தி, மறுபக்கம் விறைப்பாக வெளியே வந்ததும் மடித்து அடுக்குவது அவள் வேலை. அந்த இயந்திரத்தால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்த்தவர்கள் யாரும் அப்படி நினைக்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் கோபம் தலைக்கேறச் சற்று நேரமாகும். இவளுக்கு அது தலையிலேயே குடியிருந்தது. அவள் கீழுதட்டைக் கடித்தால் பக்கத்து மேசைக்காரி இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொள்வாள்.

ஆனால் காரணமில்லாத கோபம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. காரணம் வீட்டில், சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது. அவளுடைய மாமனார்.

மாமனார் முப்பத்தோரு வருஷம் ஒரு பிஸ்கெட் ஆலையில் ருசி பார்ப்பவராக இருந்தவர். விளையாட்டில்லை, வேலையே அதுதான். அடுப்பிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு பிஸ்கெட்டை எடுப்பார், காதருகே வைத்து உடைப்பார், முகர்வார், கடிப்பார், துப்புவார், வாய் கொப்பளிப்பார், தாளில் எழுதுவார். சர்க்கரை ஒரு சிட்டிகை கூடினால் ஆலையே நிற்கும். வயதானதும் பாராட்டிப் பேசி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது நாக்கை மட்டும் கழற்றி வாங்கி வைத்துக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

அந்த நாக்கு பன்னிரண்டு வருஷமாக அவள் சமையலை மென்றுகொண்டிருந்தது. முதல் கவளத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். வீடே கையில் சோற்றோடு காத்திருக்கும். பிறகு தீர்ப்பு வரும். "நிறம் சரி. மணம் சுமார். பதம் போச்சு." சொல்லிவிட்டுத் தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிடுவார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். பிடிக்கவில்லையென்றால் தள்ளிவைக்க வேண்டியதுதானே!

கல்யாணமான மூன்றாவது வருஷமே அவள் சமைக்கும்போது ருசி பார்ப்பதை நிறுத்திவிட்டாள். "அதுக்குன்னுதான் வீட்ல ஒரு ஆள் இருக்காரே, நான் வேற எதுக்கு?" என்று முதலில் குத்தலாகச் சொன்னாள். அப்புறம் அதுவே பழகிவிட்டது. உப்பு, புளி, காரம் எல்லாம் கையளவுதான். கரண்டியை நாக்கில் வைப்பதே கிடையாது. தன் கை ஒருநாளும் தவறாது என்று அவளுக்கு ஒரு வீம்பு. உண்மையில் அது தவறியதும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில், அந்தக் குளிர்காலத்துக்கு முன்னால் மாமனார் பரங்கிக்காய் வளர்த்தார். வீட்டுக்குப் பின்னால் கட்டில் போட்டால் நிரம்பிவிடுகிற அளவுக்கு மண். போன வருஷம் அதே மண்ணில் பழுத்த காயிலிருந்து எடுத்த விதைகளைக் கழுவி, செய்தித்தாளில் உலர்த்தி, உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்திருந்தார். நட்டார். தண்ணீர் ஊற்றினார். கொடியோடு பேசினார் என்றுகூடப் பேத்தி சொன்னது. இரண்டு மூன்று கொடிகள் வேலியில் ஏறிப் படர்ந்து, இலை காய்ந்து, கடைசியில் பதினான்கு காய்களை விட்டுவிட்டுப் போயின. ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். மாடிப்படிக்கு அடியில் பலகை போட்டு வரிசையாக அடுக்கினார். மற்றக் காய் என்றால் நாலு நாளில் அழுகித் தொலையும், தூக்கிப் போடலாம். இது ஆறு மாதமானாலும் அசையாத காய். அதை நினைத்தாலே அவளுக்குத் தலை வலித்தது.

எந்தக் காயை எப்போது அறுப்பது என்பதும் அவர் முடிவு. விரலை மடக்கித் தட்டிப் பார்த்து, ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறையில் வைப்பார். தோலோ மரக்கட்டை. கத்தியைச் செருகி, அதன் முதுகில் பூரிக்கட்டையால் நாலு போடு போட்டால்தான் பிளக்கும். வேலைக்குப் போகிற அவசரத்தில் அவள் போடும் அந்த நாலு போடும் தெருமுனை வரை கேட்கும். தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்தாள். "காயோட இனிப்பே போதும், இது பாயசமா போச்சு." பருப்போடு வேகவைத்தாள். "ரெண்டும் கலந்து கூழ்." மிளகை வறுத்து அரைத்துச் செய்தாள். "மிளகு இருக்கு, காயைத்தான் காணோம்." தோலைச் சீவினால் சத்து குப்பைக்குப் போனது. சீவாவிட்டால் பல்லில் சிக்கியது.

ஆறாவது காயன்று அவள் கோபம் வெடித்தது. புளி விட்டுக் கெட்டியாக வைத்திருந்தாள். மாமனார் கண்ணை மூடித் திறந்து, தீர்ப்பை இந்தத் தடவை பேத்தியிடம் சொன்னார்.

"இந்தக் காயை வளர்க்க தாத்தாவுக்கு ஆறு மாசம் ஆச்சு. இதைக் கெடுக்க உங்கம்மாவுக்கு அரை மணி நேரம் போதும்."

அதைக்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருப்பாள். ஆனால் கணவன் சிரித்துவிட்டான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன் அவன். நாளெல்லாம் இருட்டுக் கிணறுகளில் தொங்கிவிட்டு வந்து வீட்டில் வாயே திறக்காத மனுஷன். பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்காக ஒரு வார்த்தை பேசாதவன், அப்பா சொன்ன நக்கலுக்கு மட்டும் களுக்கென்று சிரித்தான்.

அவள் குழம்புக் கரண்டியை மேசையில் அறைந்தாள். தெறித்த குழம்பு மாமனார் சட்டையில் விழுந்தது.

"போதும். இன்னியோட சரி. இனிமே இந்த வீட்ல சாப்பாட்டைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நல்லா இருக்குன்னும் சொல்ல வேணாம், நல்லா இல்லைன்னும் சொல்ல வேணாம். போட்டதைத் தின்னுட்டு எழுந்திருங்க. ஒரு வார்த்தை... யார் வாயிலேர்ந்தாவது ஒரே ஒரு வார்த்தை வந்துச்சு, எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு நான் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பேன். அப்புறம் யாரும் என்னைத் தேடக் கூடாது."

மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. கணவன் சிரித்த வாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீரைக் குடித்தான். எட்டு வயது மகள், வாண்டு என்று எல்லோரும் கூப்பிடும் அந்தக் குட்டி, வாயில் வைத்த கரண்டியை வெளியே எடுக்காமல் அம்மாவையே பார்த்தது.

அதற்கப்புறம் பத்து நாள் அந்த மேசையில் மெல்லுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. முதல் இரண்டு நாள் அவளுக்கு உச்சி குளிர்ந்தது. மூன்றாம் நாளிலிருந்து அந்த மௌனமே அவளைக் குத்த ஆரம்பித்தது. மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டே மென்றார். 'பேசாதேன்னு சொன்னியே, பார், பேசலை' என்று ஒவ்வொரு மெல்லிலும் சொல்வதுபோல இருந்தது. வாண்டுகூட ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவள் அதைக் கவனித்தாள். கவனித்து, வழிக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடுதிகளுக்கு ஞாயிறு ஏது? அவளுக்கு இரண்டு மணிக்கு வேலை. காலையில் மாமனார் ஒன்பதாவது காயைக் கொண்டுவந்து, ஒரு வார்த்தை பேசாமல், மேடையில் வைத்துவிட்டுப் போனார். மற்றவற்றைவிடக் கொஞ்சம் வெளுப்பு, கழுத்தில் பச்சைக் கோடுகள். பிளந்தாள். உள்ளே அதே மஞ்சள், அதே மணம். எண்ணெயில் கடுகும் வெந்தயமும் பொரியவிட்டு, வெங்காயம் வதக்கி, மிளகாய்த்தூள் போட்டு, காயைப் போட்டுப் புரட்டி, புளியைக் கரைத்து ஊற்றினாள். கைதான் சமைத்தது. மனசு முழுக்கப் படிக்கடியில் இன்னும் மிச்சமிருக்கும் ஐந்து காய்களைக் கறுவிக்கொண்டிருந்தது. பரங்கிக்காய் வாசனை பட்டாலே அவளுக்குக் குமட்டும் நிலைமை வந்திருந்தது. அதனால் தனக்கு மட்டும் இரண்டு முட்டையை அவித்துச் சோற்றோடு டப்பாவில் அடைத்துக்கொண்டாள்.

ஒரு மணிக்குப் பரிமாறினாள். மூன்று தட்டிலும் சோறு, மேலே குழம்பு. அவள் உட்காரவில்லை. பையைத் தோளில் மாட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசற்படியில் நின்று அதன் வாரை மாட்டியபடியே ஒரு கண்ணால் மேசையைப் பார்த்தாள்.

மாமனார் முதல் கவளத்தை வாயில் போட்டார். மெல்லுவது நின்றது. கண்ணை மூடவில்லை. நிமிர்ந்து நேராக அவளைப் பார்த்தார்.

அவளும் பார்த்தாள். 'எங்கே, திறந்து பாருங்க' என்று இருந்தது அந்தப் பார்வை. ஒரு நிமிஷம் இருவரும் விடவில்லை. பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கவளத்தை உருட்டினார்.

ஜெயித்துவிட்டேன் என்று அவளுக்குப் பட்டது. பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அவள் அன்று சலவைக்கூடம் வரைக்கும் மெல்லிசாகச் சிரித்துக்கொண்டே போனாள்.

நாலே காலுக்கு மேற்பார்வையாளர் அம்மாள் உருளைகளின் இரைச்சலுக்கு மேலே கத்தினாள். "நீராவி! உன் வீட்டுக்காரர் ஆபீஸ் போன்ல!" அவன் இங்கே கூப்பிட்டதே கிடையாது. அவள் பாதி மடித்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

"வாண்டு வாந்தி எடுக்கிறா," என்றான் கணவன். அவன் குரலே வேறு மாதிரி இருந்தது. "நிக்கவே இல்ல. வயிறும் போகுது. அப்பாவுக்கும் அப்படித்தான். எனக்கும்... ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். அவ கண்ணு சொருகுது. நீ சீக்கிரம் வா."

அவசரப் பிரிவில் மூன்று கட்டில்களில் மூவரும் கிடந்தார்கள். நடுக் கட்டிலில் வாண்டு. காலையில் துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை, உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, கையில் ஊசி குத்தி மருந்து ஏறிக்கொண்டிருக்க, பாதிக் கண் திறந்து படுத்திருந்தது. அவள் கையைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது.

கொண்டையில் பேனாவைச் செருகியிருந்த பெண் டாக்டர் குறிப்பேட்டோடு வந்தாள். சின்ன வயசுதான், ஆனால் பேச்சில் கறார்.

"பெரியவங்க ரெண்டு பேரும் தேறிடுவாங்க. குழந்தை உடம்புல தண்ணியே இல்ல. ரத்த அழுத்தம் ரொம்ப இறங்கியிருக்கு. அது ஏறணும், அவ ஒண்ணுக்குப் போகணும். அதுவரைக்கும் நான் எதுவும் சொல்ல முடியாது. மத்தியானம் என்ன சாப்பிட்டாங்க?"

"பரங்கிக்காய்க் குழம்பு."

"கசந்துச்சா?"

"என் குழம்பா?" அந்த நிலைமையிலும் அவளுக்குச் சுருக்கென்றது. "என் சமையல் கசக்காதுங்க."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"சமைக்கும்போது வாயில வச்சுப் பார்த்தீங்களா?"

அவள் வாண்டுவின் போர்வையைச் சரிசெய்தாள். டாக்டர் கணவன் பக்கம் திரும்பினாள். அவன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே, "கசந்துச்சு," என்றான். "எட்டிக்காயா கசந்துச்சு."

டாக்டர் விதையைப் பற்றிக் கேட்டாள். வீட்டில் எடுத்த விதையா? பக்கத்தில் யாராவது சாப்பிடாமல் அழகுக்கு மட்டும் வைக்கிற, வரி போட்ட சின்னச் சின்னக் காய் காய்க்கும் கொடி வளர்க்கிறார்களா? வளர்க்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில், போன வருஷமும் இந்த வருஷமும். "அதான். போன வருஷம் ரெண்டு பூவும் கலந்திருக்கும். காயைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது, ஆனா அந்த விதையிலேர்ந்து வர்ற சில கொடியில காய் விஷமாயிடும். வேகவச்சாலும் போகாது. கசப்பு ஒண்ணுதான் அடையாளம்." அவள் குறிப்பேட்டிலிருந்து நிமிர்ந்தாள். "ஒண்ணுதான் எனக்குப் புரியல. அந்தக் கசப்பு ஒரு வாய்க்கு மேல யாராலயும் தாங்க முடியாது, துப்பிடுவாங்க. நீங்க மூணு பேரும் எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"முழுசும்," என்றான் கணவன்.

டாக்டர் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அவள் போகும் வரைக்கும்தான் நீராவிக்குப் பொறுமை இருந்தது.

"முழுசும்," என்றாள் மாமனாரைப் பார்த்து. "முதல் வாயிலயே தெரிஞ்சுபோச்சு உங்களுக்கு. நான் பார்த்தேனே. மென்னுக்கிட்டிருந்தது நின்னுபோச்சு. தெரிஞ்சே தின்னீங்க?"

மாமனார் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முயன்றார். "நீ வெந்தயத்தைக் கருக்கிட்டேன்னு நினைச்சேன்."

"நினைச்சா? சொல்றதுக்கென்ன?"

"நீதானே வாயைத் திறக்கக் கூடாதுன்னே." குரல் பலவீனமாக இருந்தது, ஆனால் வீம்பு குறையவில்லை. "திறக்கலை."

அவளுக்குக் கண் இருட்டியது. "முப்பத்தோரு வருஷம் நாக்கை வச்சுப் பொழைச்ச மனுஷன் நீங்க. சர்க்கரை ஒரு சிட்டிகை கூடினா ஆலையை நிறுத்தினவர். பன்னெண்டு வருஷமா ஒரு நாள் விடாம என் உசுரை வாங்கினீங்களே, பேச வேண்டிய அந்த ஒரு நாள் பார்த்து உங்களுக்கு ரோஷம் வந்துடுச்சா? பக்கத்துத் தட்டுல உங்க பேத்தி உக்காந்திருந்தா மாமா! நான் தோத்துப்போகணும்னு அவளைச் சேர்த்து விஷம் திங்க விட்டீங்களா?"

மாமனார் வளர்த்த காய், அவர் எடுத்து வைத்த விதை, அவர் கையால் கொண்டுவந்து மேடையில் வைத்தது. எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். அவளுக்கு இரக்கம் வரவில்லை. நன்றாக அழட்டும் என்றிருந்தது.

"நீங்க?" என்று கணவன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு என்ன கேடு?"

"நீ வேணும்னே செஞ்சேன்னு நினைச்சேன்."

"என்னது?"

"எங்களைப் பழிவாங்கத்தான் கசப்பா ஏதோ போட்டிருக்கேன்னு... நீ வேற முட்டை அவிச்சு எடுத்துக்கிட்டே. வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தே. சரி, அன்னிக்கு சிரிச்சதுக்குத் தண்டனை, சாப்பிட்டுத் தொலைப்போம்னு முழுங்கினேன். வாண்டு மூஞ்சியைச் சுளிச்சா. சண்டை வேணாம், சத்தம் போடாம சாப்பிடுன்னு கண்ணைக் காமிச்சேன்."

வேணும்னே. பன்னிரண்டு வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவன், பெற்ற பிள்ளையின் தட்டில் அவள் வேண்டுமென்றே கசப்பைப் போடுவாள் என்று நம்பியிருக்கிறான். நம்பியதோடு விடவில்லை, பிள்ளையையும் கண்ணை உருட்டித் தின்ன வைத்திருக்கிறான்.

அதன்பின் அவள் பேசியதை எழுத முடியாது. பிரிவு முழுவதும் கேட்டது. எதிர்க் கட்டில் கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவன் பரம்பரையையே இழுத்தாள். கோழை என்றாள். வாயில்லாப் பூச்சி என்று பாவம் பார்த்தது தன் தப்பு என்றாள். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அப்பனையும் மகனையும் சேர்த்து அதே குழம்பை வைத்துக் கொன்றுவிடுவேன் என்றாள். நர்ஸ் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள். உதறினாள்.

"அம்மா."

சன்னமான குரல். அவள் சடாரென்று திரும்பிக் குனிந்தாள்.

"அப்பாவைத் திட்டாதம்மா," என்றது வாண்டு. உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடி சொன்னது. "அப்பா கண்ணைக் காட்டாட்டியும் நான் சாப்பிட்டிருப்பேன்."

"ஏன்டி கண்ணு? கசந்துச்சுல்ல? துப்பியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ போயிடுவேன்னு சொன்னியே." பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டது. "நீ செருப்பு வேற போட்டுக்கிட்டு, பையெல்லாம் எடுத்துக்கிட்டு, வாசல்ல நின்னே. சரி, ஒரு வார்த்தை சொன்னா கிளம்பிடுவே போலன்னு... தண்ணி குடிச்சுக் குடிச்சு முழுங்கிட்டேன். எல்லாத்தையும் சாப்பிட்டேன்மா."

அதைச் சொல்லும்போது அதன் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். "நான் எங்கயும் போக மாட்டேன்டி," என்றாள் கடைசியில். "சரி," என்றது வாண்டு, உடனே, மறுக்காமல். அவள் இன்னொரு தடவை சொன்னாள். அதற்கும் உடனே "சரி".

ஏழரைக்கு ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியது. எட்டரைக்கு வாண்டு, ஒண்ணுக்கு வருது என்றது. அவள் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது நடைபாதையில் சுவரில் சாய்ந்து, பிள்ளையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல ஒதுங்கிப் போனாள். இரண்டு நாள் வைத்திருந்து மூன்றாம் நாள் எல்லோரையும் அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் பின்பக்கம் போய், காய்ந்துகிடந்த கொடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தார். விதை உறைகளைக் கொளுத்தினார். படிக்கடியில் இருந்த ஐந்து காய்களையும் தூக்கப் போனவரை அவள் தடுத்தாள். "வைங்க. நான் பார்க்கணும்." அவர் மறுபேச்சுப் பேசாமல் வைத்துவிட்டு நகர்ந்தார்.

ஒவ்வொன்றாகப் பிளந்தாள். நகக்கண் அளவு துண்டு நறுக்கிப் பச்சையாக நாக்கின் நுனியில் வைத்தாள். முதல் மூன்று இனித்தன. நாலாவது, வெளுத்த காய். நாக்கில் பட்டதும் வாய் முழுக்க எரிந்து, தொண்டை இறுகி, வயிறு புரண்டு மேலே வந்தது. தொட்டியில் துப்பினாள், கொப்பளித்தாள், மறுபடி துப்பினாள். போகவில்லை. அரை மணி நேரம் கழித்தும் அந்தக் கசப்பு அடிநாக்கில் உட்கார்ந்திருந்தது. நகக்கண் அளவுதான் அது. அவள் மகள் ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டிருக்கிறது. ஒவ்வொரு கவளத்துக்கும் நடுவில் அம்மா செருப்பைப் பார்த்துக்கொண்டு.

கசந்ததைத் தனியே பையில் கட்டிக் குப்பையில் போட்டாள். ஐந்தாவதையும் நாக்கில் வைத்துப் பார்த்தாள், நல்ல காய். அதையே எடுத்துச் சமைத்தாள். எண்ணெய், வெங்காயம், கொஞ்சம் மிளகாய். பிள்ளை வயிற்றுக்கு அதிகம் காரம் வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். பத்து வருஷத்துக்குப் பிறகு கரண்டியைத் தூக்கி ஊதி நாக்கில் வைத்தாள். காய் வெந்திருந்தது. உப்பு இன்னும் போடவில்லை. டப்பாவைக் கையில் எடுத்தவள், அதைத் திறக்காமல், "வாண்டு, இங்க வா," என்று கூப்பிட்டாள்.

பிள்ளை வந்தது. உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்தாள். "சாப்பிட்டுப் பாரு. எப்படி இருக்கு?"

வாண்டு வாயில் போட்டது. மென்று முடிக்கவில்லை. "நல்லா இருக்கும்மா!" என்றது.

சிரித்துக்கொண்டே சொன்னது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எட்டு வயதில் இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல யார் கற்றுக்கொடுத்தது என்று அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. 'ஏன்டி பொய் சொல்றே' என்பது தொண்டை வரை வந்துவிட்டது. கீழுதட்டைக்கூடக் கடித்துவிட்டாள். அதைப் பார்த்ததும் பிள்ளை அவசரமாக, "ரொம்ப நல்லா இருக்கு. இன்னும் குடு, சாப்பிடுறேன்," என்று கையை நீட்டியது.

வந்த கோபம் யார் மேல் போவது என்று தெரியாமல் அவளுக்குள்ளேயே சுற்றியது. மாமனார் மேல் போட்டுப் பார்த்தாள், கணவன் மேல் போட்டுப் பார்த்தாள். ஒன்றிலும் நிற்கவில்லை.

அடுப்பை அணைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். இப்போது பிள்ளைதான் உயரம், அவள் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. இன்னொரு துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னொரு தடவை. மெதுவா மென்னு. உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு."

வாண்டு மென்றது. வாசலில் வந்து நின்ற அப்பாவைப் பார்த்தது. அவன் அதன் பார்வையைப் பார்த்ததும், எதையும் காட்டிவிடக் கூடாதென்று, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டான்.

"கொஞ்சம்..." என்றது வாண்டு.

"ம்."

"வந்து..."

"சொல்லும்மா."

பிள்ளை ஒரு காலைப் பின்னால் வைத்தது, ஓடுவதற்குத் தோதாக. அம்மாவின் கைக்கு எட்டாத தூரத்துக்கு வந்தபின், ஒரே மூச்சில் சொன்னது.

"உப்பே இல்லம்மா. நல்லாவே இல்ல."

"ஆமா," என்றாள் அவள். "நல்லாவே இல்ல."

எழுந்திருக்கவில்லை. கதவருகே நின்று இன்னும் நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை தானாக ஓரடி முன்னால் எடுத்து வைக்கிற வரைக்கும், அவள் அந்தத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.